நாட் கிங் கோல் விலை போயிட்டாராம்!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க. ஜாஸ் இலக்கணமெல்லாம் எனக்குத் தெரியாது. நான் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன், காது ஒண்ணுதான் என் தகுதி. விஷயம் தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் வந்து தாராளமாகக் குட்டலாம்.

போன வாரம் ஆபீஸ் கேண்டீனில் ஒரு சண்டை. சண்டைன்னா நிஜச் சண்டை இல்லை, பாட்டுச் சண்டை. எங்க டீமில் ஒரு நண்பர் இருக்கிறார். என்னைவிட நாலு வயசு மூத்தவர். ஜாஸ் என்று ஒன்று இருப்பதையே எனக்குக் காட்டியவர் அவர்தான், அந்த நன்றி எப்பவும் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையப் பாட்டு கொடுத்தார். அதில் நாட் கிங் கோல் என்று ஒரு ஃபோல்டர். அதைத் திறந்தால் உள்ளே இரண்டு ஃபோல்டர். ஒன்றின் பெயர் "அசல்". இன்னொன்றின் பெயர் "மற்றவை". 1940களில் மூணே பேர் உட்கார்ந்து வாசித்த டிரியோ பதிவுகள் எல்லாம் அசலில். பின்னால் வயலின் கூட்டத்தை வைத்துக்கொண்டு நின்றபடி பாடினதெல்லாம் மற்றவையில்.

நானும் நல்ல பிள்ளையாக ரெண்டு மூணு வருஷம் அசலை மட்டுமே கேட்டேன். கேட்டதோடு விட்டேனா? யாராவது 'அன்ஃபர்கெட்டபிள்' பாட்டைப் பற்றி ஆசையாகப் பேசினால், "அது கிடக்கட்டும், அவரோட டிரியோ கேட்டிருக்கீங்களா?" என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு கேட்கிற ஜென்மமாகவும் ஆகிப்போனேன். இப்ப நினைச்சா என்னை நானே நாலு சாத்தலாம் போல இருக்கு.

கேண்டீனில் நடந்தது இதுதான். தோசைக்குக் காத்திருக்கும்போது 'மோனா லிசா'வை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற நண்பர், "என்னப்பா, நீயும் அவரை மாதிரியே விலை போயிட்டியா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அந்த நேரத்துக்குப் பதில் வாயில் வரவில்லை, தோசை வந்துவிட்டது. அங்கே விட்டதைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

குற்றச்சாட்டு என்னன்னா...

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமா. நாட் கிங் கோல் 1919-ல் அலபாமா மாநிலம் மாண்ட்கமரியில் பிறந்த கறுப்பினத்தவர். சின்ன வயசிலேயே குடும்பம் சிகாகோவுக்குப் போய்விட்டது. அப்பா பாப்டிஸ்ட் சர்ச்சில் போதகர், அம்மா அதே சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். பையன் சிகாகோவில் எர்ல் ஹைன்ஸின் பியானோவைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தான். 1937-ல் ஒரு இசை நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்றி, கலிஃபோர்னியாவில் கம்பெனி படுத்துவிட, அங்கேயே தங்கி ஒரு மூவர் குழு அமைத்தார். கோல் பியானோ, ஆஸ்கர் மூர் கிட்டார், வெஸ்லி பிரின்ஸ் பாஸ். டிரம்ஸ் கிடையாது. ஜாஸ்னாலே டிரம்ஸ்தான்னு நினைக்கிறவங்க இந்தக் குழுவைக் கேட்கணும். மூணு பேரும் ஒருத்தர் பேச்சை ஒருத்தர் வெட்டாமல், அதே சமயம் வாயும் மூடாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

இது சாதாரணக் குழு இல்லை. பின்னாளில் பியானோவில் ராஜாவாக இருந்த ஆஸ்கர் பீட்டர்சன் அதே பியானோ-கிட்டார்-பாஸ் அமைப்பில் குழு வைத்தார். ரே சார்ல்ஸ் ஆரம்பத்தில் கோலை அப்படியே காப்பியடித்துத்தான் பாடிக்கொண்டிருந்தார், அதை அவரே ஒளிவுமறைவில்லாமல் ஒத்துக்கொண்டவர். 1944 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் 'ஜாஸ் அட் தி ஃபில்ஹார்மோனிக்' கச்சேரியில் கிட்டாரில் லெஸ் பாலும் பியானோவில் கோலும் மாறி மாறிக் கொடுத்து வாங்கும் இடம் ஒன்று இருக்கிறது. சபையே எழுந்து கத்துகிற சத்தம் ரெக்கார்டில் கேட்கும்.

அப்படிப்பட்ட ஆள் என்ன செய்தார்? 1946-ல் 'தி கிறிஸ்துமஸ் சாங்' பாட்டுக்கு வயலின்களைச் சேர்த்தார். 1948-ல் 'நேச்சர் பாய்' முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு வந்து பல வாரம் முதலிடத்தில் நின்றது. 1950-ல் 'மோனா லிசா', 1951-ல் 'டூ யங்', அதே வருஷம் பதிவான 'அன்ஃபர்கெட்டபிள்'. 1951 வாக்கில் டிரியோ என்ற பெயரே மறைந்து, நாட் கிங் கோல் என்ற பாடகர் மட்டும் மிச்சம். ஜாஸ் விமர்சகர்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். ஒரு மேதை பியானோக்காரன் காசுக்காகக் காதல் பாட்டுக்காரன் ஆகிவிட்டான் என்று. அந்த ஒப்பாரிதான் எழுபது வருஷம் கழித்து எங்க ஆபீஸ் கேண்டீன் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தச் சுவர் எங்கே இருந்தது?

விலை போயிட்டார்னு சொல்லணும்னா முதலில் இரண்டு ஊர் வேணும். இந்தப் பக்கம் தூய ஜாஸ், அந்தப் பக்கம் சந்தை, நடுவில் ஒரு சுவர். கோல் அந்தச் சுவரைத் தாண்டிக் குதித்தார் என்பதுதான் கதை. ஆனால் சாமிகளா, 1930களில் அமெரிக்காவின் பாப் இசையே ஜாஸ்தானே! 1935-ல் பாலோமார் நடன அரங்கில் பென்னி குட்மேன் வாசித்தபோது எதிரில் ஆடின இளவட்டங்கள் யாரும் இலக்கணம் படிக்க வரலை, ஆட வந்தார்கள். ஜாஸ் பாட்டின் மகாராணி என்று எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகிற எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டை நாடு முழுக்கப் பிரபலமாக்கியது எது? 1938-ல் ஒரு குழந்தைப் பாட்டை எடுத்து மாற்றிப் பாடினது! அதை யாரும் 'மற்றவை' ஃபோல்டரில் போடுவதில்லை. ஏன்னா அது பழசு. பழசானா எல்லாம் தூய்மையாயிடும் போல.

சுவர் பின்னால்தான் எழும்பியது. அதற்குக் காரணங்கள் ரொம்ப லௌகீகமானவை. 1942 ஆகஸ்ட்டில் அமெரிக்க இசைக்கலைஞர்கள் சங்கம் ரெக்கார்டிங் வேலைநிறுத்தம் அறிவித்தது. வாத்தியக்காரர்கள் ஸ்டூடியோவுக்குப் போகமாட்டோம் என்றார்கள். பாடகர்களுக்கு அந்தச் சங்கக் கட்டுப்பாடு இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் பாடகர்கள் ராஜ்ஜியம். போர் முடிந்தபோது பதினைந்து இருபது பேரை வைத்துக் குழு நடத்துவது கட்டுப்படியாகவில்லை, பெரிய பெரிய பேண்டுகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கேட்பவர்களும் பேண்டின் பெயரை விட்டுப் பாடகர் பெயரைத் தேடினார்கள்.

கோலின் முதல் பெரிய ஹிட்டே இந்த வேலைநிறுத்தத்தின் ஓரத்தில் வந்ததுதான். புதுசாகத் தொடங்கியிருந்த கேபிடல் கம்பெனி வேறு சில பெரிய கம்பெனிகளுக்கு முன்னாலேயே சங்கத்தோடு சமாதானமாகிவிட்டது. 1943 நவம்பர் கடைசியில் கோல் 'ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்' பதிவு செய்தார். அப்பா பிரசங்கத்தில் சொல்லும் குரங்கு-பருந்துக் கதையை வைத்து அவரே எழுதினது. இது 'அசல்' ஃபோல்டரில் இருக்கிற பாட்டு. அப்பவே அது பாப் ஹிட்! இன்னொரு விஷயம் தெரியுமா? அந்தப் பாட்டின் உரிமையைக் கையில் காசில்லாத காலத்தில் வெறும் 50 டாலருக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். பாட்டு ஊரெல்லாம் ஓடியது, பணம் வேறொருத்தர் பைக்கு ஓடியது. விலை போனது எப்போன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். 50 டாலருக்கு, தூய ஜாஸ் காலத்தில்.

வித்தாரு சரி, வாங்கினது யாரு?

என் நண்பர் மாதிரி ஆட்கள் எல்லாரும் ஒரு விஷயத்தைச் சவுகரியமாக மறந்துடறாங்க. பாப் பக்கம் போவது என்றால் ஏதோ மெத்தையில் போய் விழுவது மாதிரிப் பேசறாங்க. கோலுக்கு அது மெத்தையா? பார்ப்போம்.

1948. 'நேச்சர் பாய்' நாடு முழுக்க ரேடியோவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வருஷம் லாஸ் ஏஞ்சலஸில் ஹேன்காக் பார்க் என்ற பணக்கார ஏரியாவில் கோல் ஒரு வீடு வாங்கினார். வெள்ளையர்கள் மட்டும் வாழ்ந்த இடம். வேண்டாதவர்கள் இங்கே குடிவருவதில் எங்களுக்கு விருப்பமில்லை என்று அக்கம்பக்கத்துக்காரர்கள் சொன்னார்கள். எனக்கும் விருப்பமில்லை, அப்படி யாராவது தென்பட்டால் முதல் புகார் நான்தான் கொடுப்பேன் என்று கோல் பதில் சொன்னது ரொம்பப் பிரபலம். கேட்டதும் கைதட்டத் தோணுது இல்ல? ஆனால் அதோடு முடியவில்லை. வீட்டுப் புல்தரையில் இனவசைச் சொல்லை எரித்து எழுதினார்கள். அவர் குரல் வரவேற்பறையில் இருக்கலாம், அவர் பக்கத்து வீட்டில் இருக்கக் கூடாது.

1951-ல் வருமான வரிப் பாக்கிக்காக அதே வீட்டை அரசாங்கம் கைப்பற்றியது. பாக்கி ஒன்றரை லட்சம் டாலருக்குக் கிட்ட. டிரியோ முடிவுக்கு வந்ததும் இதே வருஷம்தான். அந்த ஒன்றரை லட்சத்தை எந்த விமர்சகராவது கட்டப் போகிறாரா? கலைக்காகப் பட்டினி கிடன்னு அடுத்தவனுக்குச் சொல்வது ரொம்ப சுலபம், அதுவும் மாசம் ஒண்ணாந் தேதி சம்பளம் அக்கவுண்டில் விழுகிற என்னை மாதிரி ஆட்களுக்கு.

அடுத்தது டிவி. 1956 நவம்பர் 5-ம் தேதி என்.பி.சி.யில் 'தி நாட் கிங் கோல் ஷோ' தொடங்கியது. முதலில் வாரம் 15 நிமிஷம், 1957 ஜூலையில் அரைமணி நேரம் ஆனது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹேரி பெலஃபான்ட்டி, பெக்கி லீ, டோனி பென்னட், மெல் டார்மே எல்லாம் வந்து பாடினார்கள். பல பேர் தங்கள் வழக்கமான சம்பளத்தை விட்டுக்கொடுத்து, சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகைக்கு வந்தார்கள். நல்ல நிகழ்ச்சி, நல்ல பேர். ஆனால் நிகழ்ச்சியை நிரந்தரமாகத் தாங்கிப் பிடிக்க நாடு முழுக்க விளம்பரம் செய்கிற ஒரு கம்பெனிகூட முன்வரவில்லை. கறுப்பர் முகத்தோடு நம்ம சரக்கு சேர்ந்து தெரிந்தால் தெற்கு மாநிலங்களில் விற்காது என்று பயம். 1957 டிசம்பர் 17-ல் நிகழ்ச்சி முடிந்தது. சேனல் விரட்டலை, கோலே போதும் என்று நிறுத்தினார். அதற்குப் பிறகு விளம்பர உலகத்தைப் பற்றி அவர் சொன்னது ஒரே வரி: மேடிசன் அவென்யூவுக்கு இருட்டைக் கண்டால் பயம். (நியூயார்க்கில் விளம்பரக் கம்பெனிகள் வரிசையாக இருக்கிற தெரு அது.)

இதில் உறுத்துகிற இன்னொரு விஷயம். 1946-லேயே டிரியோவுக்கு என்.பி.சி. ரேடியோவில் நிகழ்ச்சி இருந்தது. அதற்கு ஒரு தலைமுடிக் கிரீம் கம்பெனி ஸ்பான்ஸர்! ரேடியோவில் முகம் தெரியாதே.

இப்ப சொல்லுங்க. விலை போயிட்டார், வித்துட்டார்னு சொல்றீங்க. ஒருத்தன் கடையைத் திறந்து வச்சுட்டு ஒரு வருஷம் உக்காந்திருக்கான், நாட்டிலேயே பிரபலமான குரல் அவனுடையது, வாங்க ஒரு பெரிய கம்பெனி வரலை. இவரைப் போய் விலை போனவர்னு சொல்ல எப்படிங்க நாக்கு வருது?

பர்மிங்ஹாமில் என்ன நடந்தது

1956 ஏப்ரல் 10. அவர் பிறந்த அதே அலபாமா. மாண்ட்கமரியில் பஸ் புறக்கணிப்புப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். பர்மிங்ஹாம் முனிசிபல் ஆடிட்டோரியத்தில் கோல் பாடிக்கொண்டிருக்கிறார், சபையில் வெள்ளையர்கள் மட்டும். இனவெறி அமைப்பு ஒன்றைச் சேர்ந்த சில பேர் மேடைக்குப் பாய்ந்து அவரைக் கீழே தள்ளினார்கள். முதுகில் அடி. போலீஸ் வந்து பிடித்தது. அந்தக் கூட்டம் அந்தச் சமயத்தில் என்ன பிரசாரம் பண்ணிக்கொண்டிருந்தது தெரியுமா? கறுப்பர்களின் இசை வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கெடுக்கிறது, அதைத் தடை பண்ணு என்று!

இதை ரெண்டு தடவை படிச்சுப் பாருங்க. விமர்சகர்கள் பார்வையில் கோலின் இசை போதுமான அளவு ஜாஸாக இல்லை, வெள்ளைக்கார ரசனைக்கு வழவழவென்று ஆகிவிட்டது. பர்மிங்ஹாம் ரவுடிகள் பார்வையில் அதே இசை ஆபத்தான கறுப்பு இசை. மெலிசான காதல் பாட்டு பாடுகிற, கோட்டு சூட்டு போட்ட ஒரு ஆள். அவரைத்தான் அவர்கள் பயப்பட வேண்டிய ஆளாகப் பார்த்தார்கள். இசையின் ஆபத்தைப் பொறுத்தவரை ரசிக சிகாமணிகளைவிட ரவுடிகளுக்கு விவரம் ஜாஸ்தின்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க. ஒரு கறுப்பர் வெள்ளை வீட்டின் வரவேற்பறையில் உட்கார்ந்து காதலைப் பற்றி மென்மையாகப் பாடுவதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. கிளப்பில் பின்னிரவில் வேகமாகப் பியானோ வாசித்திருந்தால் அவர்கள் கண்டுகொண்டே இருக்க மாட்டார்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடணும். வெள்ளையர்களுக்கு மட்டும் என்று பிரித்து வைத்த அரங்கில் பாட ஒத்துக்கொண்டதற்காகக் கறுப்பினப் பத்திரிகைகளும் தலைவர்களும் கோலைக் கடுமையாகத் திட்டினார்கள். அது வேற குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருந்தது. கோலும் அதைக் காதில் வாங்கினார், என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் 500 டாலர் கட்டி ஆயுள் உறுப்பினர் ஆனார். எங்கே பாடினாய் என்று கேட்பது அரசியல். வயலின் ஏன் வைத்தாய் என்று கேட்பது வெட்டி அதிகாரம். ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

பியானோ எங்கே போச்சு?

சரி, அரசியல் எல்லாம் இருக்கட்டும், இசையாகப் பார்த்தால் நஷ்டம்தானே என்று நண்பர் கேட்பார். அவருடைய கட்சியில் கனமான வாதம் இது ஒண்ணுதான். அதனால் ஓடி ஒளியப் போவதில்லை. ஆமா, நஷ்டம்தான். அந்தப் பியானோ இன்னும் இருபது வருஷம் முழுநேரமாக வாசித்திருந்தால் என்னவெல்லாம் வந்திருக்குமோ. 'ராம்ப்ளின் ரோஸ்' மாதிரி 1960களின் சில பாட்டுகள், பின்னால் கோரஸ் கூட்டம் ஆலாபனை பண்ணுகிறவை, என்னாலும் முழுசாகக் கேட்க முடியாது. ஒத்துக்கறேன்.

ஆனால் பியானோவைத் தூக்கிப் பரண்மேல் போட்டுட்டார்னு சொல்றது பொய். 1950களிலேயே பியானோவை முன்னால் வைத்து 'பென்ட்ஹவுஸ் செரனேட்', 'தி பியானோ ஸ்டைல் ஆஃப் நாட் கிங் கோல்' என்று ஆல்பங்கள் செய்தார். பர்மிங்ஹாமில் அடி வாங்கின அதே 1956-ல், ஹேரி எடிசன் டிரம்பெட், வில்லி ஸ்மித் ஆல்டோ சாக்ஸ், ஸ்டஃப் ஸ்மித் வயலின், ஹுவான் டிசோல் டிராம்போன் என்று ஒவ்வொருத்தரையும் விருந்தாளியாகக் கூட்டிவந்து 'ஆஃப்டர் மிட்நைட்' பதிவு செய்தார். கேட்டுப் பாருங்க. இடைவெளியே இல்லாத மாதிரி விரல்கள் திரும்ப வந்து உட்காரும். அது வெளிவந்த 1957-ல்தான் கோர்டன் ஜென்கின்ஸின் வயலின் மழையோடு 'லவ் இஸ் தி திங்' வந்தது. ஒரே ஆள், ஒரே வருஷம், ரெண்டு ஆல்பம். எது அசல், எது மற்றவை? போங்கப்பா.

அதைவிட முக்கியமானது இது. எனக்கு இது பிடிபட ரெண்டு மூணு வருஷமாச்சு. ஒரு ரிலீஸ் ராத்திரி, ரெண்டு மணி இருக்கும். டெப்ளாய்மெண்ட் ஓடிக்கொண்டிருந்தது, செய்ய ஒன்றுமில்லை, திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தவறுதலாக 'மற்றவை' ஃபோல்டர் ஓட ஆரம்பித்தது. மாற்ற சோம்பல். ஹெட்ஃபோனில் 'அன்ஃபர்கெட்டபிள்'. அப்போதான் கவனித்தேன், அவர் தாளத்தின் மேல் சரியாக விழுவதே இல்லை. ஒரு மயிரிழை பின்னால் வருகிறார். வார்த்தையைப் போட்டுவிட்டு ஒரு இடம் விடுகிறார். அந்த இடம் எதற்கு? டிரியோ நாட்களில் அந்த இடத்தில்தான் அவருடைய வலது கை பதில் சொல்லும்! கை இப்போ இல்லை, ஆனால் கைக்கு விட்ட இடம் அப்படியே இருக்கிறது. அதில் நெல்சன் ரிடிலின் வயலின்கள் வந்து உட்காருகின்றன. ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கட்டையை அழுத்தி எடுக்கிற மாதிரி உச்சரிக்கிறார். கத்தலே கிடையாது. மைக்குக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தரிடம் மட்டும் பேசுகிற குரல்.

எங்க பாஷையில் சொன்னால், அவர் பியானோவை டெலீட் பண்ணலை. குரலுக்குள் ரீஃபேக்டர் பண்ணிட்டார். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு ஃபைல் காணோம். உள்ளே லாஜிக் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி டெப்ளாய்மெண்ட் ஊத்திக்கிச்சு என்பது வேற கதை. :-)

நம்ம ஆட்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று. வோங் கார் வாயின் 'இன் தி மூட் ஃபார் லவ்' பார்த்திருப்பீர்கள், உலக சினிமா பதிவு எழுதாத பதிவர் யாரு இருக்கா? அதில் வரும் ஸ்பானிஷ் பாட்டுகளின் குரல் இவர்தான். அவற்றில் சில 1958-ல் வந்த 'கோல் எஸ்பன்யோல்' ஆல்பத்திலிருந்து எடுத்தவை. அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஒலியை அப்படியே கேட்டு மனப்பாடம் பண்ணிப் பாடினார். சுத்தமான சந்தைச் சரக்கு, லத்தீன் அமெரிக்காவில் விற்கப் போட்டது. ஹாங்காங்கின் அந்த ஒடுக்கமான படிக்கட்டையும் நூடுல்ஸ் தூக்கையும் இன்றைக்கு அந்தக் குரல் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடிகிறதா? சந்தைக்குப் போன பாட்டு நாற்பது வருஷம் கழித்து எந்த வாசலில் போய் நிற்கும்னு யாருக்குத் தெரியும்?

கேள்வி யாரைப் பார்த்து?

கடைசியாக ஒன்று. ஃப்ராங்க் சினாட்ரா டாமி டார்சியின் பேண்டில் பாடி, அங்கிருந்து தனியாக வந்து பெரிய பாப் நட்சத்திரம் ஆனார். அவரை யாரும் ஜாஸைக் காட்டிக்கொடுத்தவர்னு சொல்லலை, வளர்ந்துட்டார்னு சொன்னாங்க. பெக்கி லீ பென்னி குட்மேன் குழுவிலிருந்து வந்தவர். அதேதான். ஆனால் சாரா வான் மெர்க்குரி கம்பெனியில் பாப் பாட்டும், அதன் துணைக் கம்பெனி எமார்சியில் ஜாஸும் பாடினால் அது சறுக்கல். டைனா வாஷிங்டன் 1959-ல் வயலினோடு ஒரு ஹிட் கொடுத்தால் அது சமரசம். லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1964-ல் 'ஹலோ டாலி' பாடி பீட்டில்ஸையே முதலிடத்திலிருந்து இறக்கினால் அது கோமாளித்தனம். வெள்ளைக்காரர் போனா அது கேரியர். கறுப்பர் போனா அது துரோகம். எந்த ஊர் நியாயம்ங்க இது?

தூய்மைவாதிகளுக்குக் கலைமேல் இருக்கும் அன்பை நான் சந்தேகப்படவில்லை. என் நண்பரின் அன்பில்தான் நானே ஜாஸ் கேட்க ஆரம்பித்தேன். ஆனால் அந்த அன்பு ஒரு கட்டத்தில், கலைஞன் நமக்குப் பிடித்த சின்ன அறையிலேயே இருக்கணும் என்று கதவைப் பூட்டிவிடுகிறது. ஹேன்காக் பார்க் ஆட்களும் வேறென்ன சொன்னார்கள்? நீ இருக்க வேண்டிய இடத்தில் இரு, இங்கே வராதே. உங்க காரணம் வேற, எனக்குப் புரியுது. ஆனால் மூடின கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

கோல் 1965 பிப்ரவரி 15-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். வயசு 45. ஓயாமல் சிகரெட் பிடித்தவர். ஹாலிவுட்டில் 1956-ல் கட்டி முடித்த கேபிடல் கம்பெனியின் வட்டமான கட்டடத்துக்கு 'நாட் கட்டின வீடு' என்றே பேர். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அடுத்தவனுக்கு அவ்வளவு பெரிய வீடு கட்டிக் கொடுத்தவர் தன் சொந்த வீட்டுக்காகப் பட்ட பாட்டை மேலே சொல்லிவிட்டேன்.

ஒரு வேலை பண்ணுங்க. இந்த வரிசையில் கேளுங்க: 1940-ல் டிரியோவாகப் பதிவு செய்த 'ஸ்வீட் லொரெய்ன்'. அடுத்து 'மோனா லிசா'. அடுத்து 'ஆஃப்டர் மிட்நைட்'டில் அதே 'ஸ்வீட் லொரெய்ன்'. கேட்டு முடித்துவிட்டு, நடுவில் இருக்கிற பாட்டைப் பாடினது வேற ஆள்னு நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்க பார்ப்போம்.

நான் என் கம்ப்யூட்டரில் அந்த ரெண்டு ஃபோல்டரையும் ஒன்றாக்கிவிட்டேன். இப்போ வெறும் 'நாட் கிங் கோல்' மட்டும்தான். நண்பருக்கு இந்தப் பதிவின் சுட்டி அனுப்பியாச்சு. நாளைக்குக் கேண்டீனில் தோசை வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பதாக உத்தேசம்.

பி.கு: பியானோவே போதும், பாட்டே வேண்டாம் என்று சொல்கிற கட்சிக்காரர்கள் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் வரவும். உங்களுக்குத் தனிப் பதிவு இருக்கு.